கிரீஸுக்கு அடியில் இருந்த நம்பர்

கொட்டகையில் ஒரு கிழட்டு டிராக்டர் இருந்தது. மூலையில் கிடந்த பம்புசெட் இன்ஜின் அதை "ஐயா" என்றுதான் கூப்பிட வேண்டும். "நான் கப்பல்ல வந்தவன், நீ கிணத்துல தண்ணி எறச்சவன்" என்று டிராக்டர் தினமும் இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டும்.

பழைய டிராக்டர்களைத் தேடி வாங்கும் ஒருவர் மறுநாள் வருவதாக இருந்தது.

"அவரு பெயிண்டைப் பாத்து மயங்குற ஆள் இல்ல. இன்ஜினோட இரும்பு உடம்பு, அதான் பிளாக்கு, அதுல இருக்குற நம்பரைப் படிச்சுதான் அசலான்னு சொல்வாரு" என்றது கம்பி பிரஷ்.

"அப்போ நல்லா சுரண்டு. ஊரே என் பொறப்பைப் பாக்கட்டும்!" என்றது டிராக்டர்.

பிரஷ் நாற்பது வருஷத்துக் கிரீஸைச் சுரண்டித் தள்ளிவிட்டு, நம்பரைச் சத்தமாக வாசித்தது.

"அட, என் இடுப்புல இருக்குற நம்பருக்கு அடுத்த நம்பர்!" என்று பம்புசெட் குதித்தது. "உன் பழைய பிளாக் விரிசல் விட்டப்போ, என் கூடப் பொறந்த பிளாக்கைத்தான் கொண்டாந்து மாட்டியிருக்காங்க. இத்தனை வருஷமா உன்னைப் போயி ஐயான்னு கூப்பிட்டேனேடா, தம்பி!"

டிராக்டர் மெதுவாகக் கேட்டது.

"பிரஷ்ஷு, சுரண்டின கிரீஸை எங்க போட்ட?"

"கீழதான் கிடக்கு."

"எடுத்துத் திரும்ப அப்பு."