துடிப்பு

நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில், முன்னால் போன என் கணவர் ராஜவேல் வேண்டுமென்றே ஊளையிட்டுத் தன் குதிரையை விரட்டினார். என் செவலைக் குதிரை மிரண்டு பின்னாலேயே பாய்ந்தது. கடிவாளத்தை இழுத்து இழுத்து என் உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது.

இதயத் துடிப்பு அடங்கினால்தான் குதிரையை மேற்கொண்டு ஓட விடுவார்கள். ஓய்விடத்தில் மருத்துவர் செவலையின் நெஞ்சில் குழாயை வைத்தார். நான் தள்ளி உட்கார்ந்து, செவலையின் வாயிலிருந்து என் சட்டையில் தெறித்திருந்த ரத்த நுரையைக் கழுவினேன்.

“எப்படி ஓட வெச்சேன் பாத்தியா?” பாக்கு எச்சில் தெறிக்கச் சிரித்தபடி ராஜவேல் செவலையின் கழுத்தைத் தட்டினார்.

“சார், நீங்க கிட்ட வந்தாலே துடிப்பு எகிறுது. தள்ளிப் போங்க” என்றார் மருத்துவர்.

ராஜவேல் என்னிடம் வந்து தோளில் கை போட்டார். செவலைக்கு அடங்கிவிட்டது. என் நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.