ஒன்பதாவது வார்டு

“ஓட்டுப் போடற கை எதுடா?” என்று கேட்டான் குரு.

நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஞானராஜின் வலது மணிக்கட்டில் குரு இரும்புக் குழாயை ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம், மூடிக் கிடந்த அந்த ஜவ்வரிசி மில்லின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

“ஐயோ, மாதாவே!”

“கத்து. மொரப்பூர் ரயிலு சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது.”

பதினோரு மணிக்குப் பேரூராட்சித் தலைவர் தேர்தல். பழைய தலைவர் ராஜினாமா செய்துவிட்டதால், கவுன்சிலர்கள் கூடிப் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதவராஜ் தலைவராவதற்கு இடைஞ்சலாக நின்றது ஒன்பதாவது வார்டின் ஒரே ஓட்டு.

குரு ஓசூர்க்காரன். இந்த ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது. காலையில் டீக்கடையில் இறங்கி, “ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் யாருங்க?” என்று விசாரித்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் வெள்ளைச் சட்டையில் நின்ற ஞானராஜைக் கை காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “சொல்லுங்க தம்பி” என்று வந்தார். அடுத்த நிமிடம் காருக்குள் கிடந்தார்.

“கடைசியா கேக்கறேன். மாதவராஜ் அண்ணனுக்கு ஓட்டுப் போடறேன்னு சொல்லு. நானே கொண்டுபோய் எறக்கி விடறேன்.”

“எங்க தெருவுல குப்பைக் கெடங்கு கட்டறேங்கறாரு அவரு. நூத்தம்பது குடும்பம் இருக்குது. அவருக்கு எப்படீங்க போடறது?”

குழாய் இந்த முறை முகத்தில் விழுந்தது. இரண்டு பற்கள் ரத்தத்தோடு மடியில் விழுந்தன. நாற்காலி சாய்ந்து, ஞானராஜ் தரையில் கிடந்தார். குரு விலாவில் எட்டி உதைத்தான்.

அப்போது மேசைமேல் இருந்த ஞானராஜின் போன் அடித்தது. ‘மேரி’ என்று வந்தது.

“யாரு?”

“வூட்டுலங்க. எடுக்கலன்னா போலீசுக்குப் போயிரும்.”

குரு ஸ்பீக்கரைப் போட்டு, அவர் கழுத்தில் கத்தியை வைத்தான். “வேலையா இருக்கேன்னு மட்டும் சொல்லு. ஒரு வார்த்தை மாறுச்சு, அறுத்துடுவேன்.”

“எங்க இருக்கீங்க? மணி பத்தாவுது!” என்றாள் மேரி.

ஞானராஜ் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டார். “அரூர்ல வேலையா இருக்கேன் மேரி. எனக்காகக் காத்திருக்காத. பத்தரைக்கு நீயே ஆட்டோ புடிச்சுக் கூட்டத்துக்குப் போயிடு. பயப்படாமப் போ.”

மறுமுனையில் “சரிங்க” என்று மட்டும் கேட்டது.

“என்ன கூட்டம்டா?” குருவின் கத்தி தோலைக் கீறியது.

“சர்ச்சுல மாதர் சங்கம்ங்க.”

குரு சிரித்துவிட்டுப் போனை அணைத்தான். அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவனும் அவன் ஆட்களும் மாறி மாறி அடித்தார்கள். ஞானராஜ் எதுவும் கெஞ்சவில்லை. நினைவு திரும்பும்போதெல்லாம், “மணி என்னங்க?” என்று மட்டும் கேட்டார்.

பதினொன்றரைக்குக் குருவின் போன் அலறியது. மாதவராஜ்.

“டேய், ஒன்பதாவது வார்டு ஓட்டு விழுந்துடுச்சுடா! ஒரு ஓட்டுல தோத்துட்டேன். காலைல நீ யாரடா தூக்குன?”

“அண்ணா, ஆளு இங்கதான் கெடக்கறான். நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன்!”

அவர் திட்டிவிட்டுப் போனை வைத்தார். குரு வெறியோடு ஞானராஜின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

“ஓட்டுப் போட்டாச்சாம். அப்ப நீ யாருடா?”

வீங்கிய கண்ணை முடிந்த அளவு திறந்தார் ஞானராஜ். ஊர் அவரை நான்கு வருடமாக ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறது. ஒருநாளும் அவர் அதைத் திருத்தியதில்லை. இன்று திருத்தினார்.

“கவுன்சிலரம்மாவோட வூட்டுக்காரன்ங்க.”