விரலா, விசையா?

“பெரியவரே, கோளாறு துப்பாக்கியிலயா, என் விரல்லயா? அதை மட்டும் சொல்லிடுங்க!”

துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வருஷத்தில் இப்படி ஒருத்தனும் கேட்டதில்லை. வந்தவன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“லைசென்ஸ் எங்கே?”

காட்டினான். படம், முத்திரை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுவே கிழவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“நேத்து துப்பாக்கி கிளப்புக்குப் போனேன். விசை இம்மிகூட அசையல. அழுத்தி அழுத்தி விரல் நடுங்கிப்போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க. அதுக்கு என்ன இவ்வளவு அவசரம்?”

“நாளைக்குக் காலையில ஒரு காரியம் இருக்கு. அப்போ விரல் மக்கர் பண்ணுச்சுன்னா ஒரு உயிரே போயிடும்.”

கிழவர் லைசென்ஸை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தார். ஆளை முடிக்கப் போகிறவன் இப்படியா ஊரைக் கூட்டிச் சொல்வான்? சொல்வான், சொல்வான். இந்தக் காலத்தில் எவனை நம்புவது?

உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, விசையை இழுத்தார். அவர் விரலுக்கும் மசியவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினார். பழைய எண்ணெய் பிசினாக இறுகி, ஸ்பிரிங் துருவேறிக் கிடந்தது.

“கடைசியா இதை எவன் துடைச்சான்?”

“எங்கப்பா. அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு.”

“விளங்கிடும்! யானையைக் கட்டி இழுத்தாலும் இது வராதுப்பா.”

“அப்போ என் விரல்?”

“உன் விரலுக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கு. கோளாறெல்லாம் இந்தச் சனியன்லதான்.”

“அப்பாடா!”

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். கண்கூடக் கலங்கிவிட்டது.

இவன் கையில் இதைத் திருப்பிக் கொடுத்தால் நாளைக்குப் பழி தன் தலையில் என்று கிழவர் முடிவு கட்டினார். புது ஸ்பிரிங் கைக்கெட்டும் டப்பாவிலேயே இருந்தது.

“ஸ்பிரிங் வர ஒரு மாசம் ஆகும்,” என்று வாய் கூசாமல் அடித்துவிட்டார்.

“ஒரு வருஷம்கூட ஆகட்டும், இங்கேயே கிடக்கட்டும்.”

கிழவர் விழித்தார். “அப்போ... நாளைக்குக் காரியம்?”

“அதுக்கு எதுக்குங்க துப்பாக்கி?” வந்தவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தான். “மூணு மாசக் குழந்தை, பெரியவரே. இதயத்துல ஓட்டை. நான்தான் தைக்கணும்.”