நாலு இஞ்ச்

டாக்டர் பொறுமையாக விளக்கினார். “லைப்போசக்‌ஷன் உடம்பு இளைக்கிறதுக்கு இல்லீங்க. ஒரே இடத்துல தங்கின கொழுப்பை உறிஞ்சி எடுத்து, வடிவத்தைச் சரி பண்றது. எடை பெருசா குறையாது.”

“எடை கெடக்குது சார். வயித்துல நாலு இஞ்ச் எறங்கினா போதும்,” என்றார் ஆரணி பட்டுச்சேலை வியாபாரி சிவப்பிரகாசம். ஒல்லியான அவர் மனைவி கமலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வாக்கிங் போங்களேன்.”

“ஜல்தியா ஆவணும் சார். பதினஞ்சு நாள்ல ஆபீசருங்க வராங்க.”

“எதுக்கு?”

“சிறந்த நெசவாளர் விருதுக்கு ஒரு சேலை அனுப்பினேன், என் பேரு போயிருக்குது. நான் தறியில உக்காந்து நெய்ஞ்சு காட்டணுமாம், அவங்க நின்னுகினு பாப்பாங்களாம். நேத்து தறிக்குழியில எறங்கிப் பாத்தேன். முன்னாடி இருக்கிற கட்டை தொப்பையில இடிக்குது.”

டாக்டர் பேனாவை மூடினார். “ஆபரேஷன் பண்ணா வீக்கம் வத்தவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.”

“பேஜாராப் போச்சே!”

“அதிருக்கட்டும். தொப்பை இடிக்குதுன்னா, விருதுக்கு அனுப்பின சேலையை எப்படி நெய்ஞ்சீங்க?”

சிவப்பிரகாசம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

கமலம் அப்போதுதான் வாய் திறந்தாள்.

“எனக்கு இடிக்காதுங்க.”