லெக் பீஸைக் காணோம்

கணபதிப் பகுதியில் இருக்கும் அப்பா வீட்டுச் சமையலறையில் அன்புக்கரசி ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். வான்கோழியின் லெக் பீஸ் ரெண்டையும் காணோம்.

"என்ன தேடறீங்க அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி மெர்சி.

"சும்மாதான் அம்மணி."

சும்மா ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் என்றால் அந்த வீட்டில் வான்கோழிக் குழம்பு. ஒரு கால் அப்பா மாசாணத்துக்கு. இன்னொரு கால் மூத்த மாப்பிள்ளை தம்பிதுரைக்கு. அன்புக்கரசிக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து நடந்துவரும் மரியாதை அது. புருஷன் தட்டில் அந்தக் கால் விழும்போது அவளுக்கே மாலை போட்ட மாதிரி இருக்கும்.

இன்றைக்கோ அடுப்பில் குழம்பே இல்லை. பெரிய தட்டு நிறைய, எலுமிச்சம்பழ அளவில் கறி உருண்டைகள்.

"முழுசையும் கொத்திப்போட்டியா?"

"ஆமாங்க அண்ணி. செய்யறது ரொம்ப ஈஸிங்க."

ஈஸிதான் போலிருக்கிறது. கொத்துக்கறியில் முட்டை, ரொட்டித்தூள், பூண்டு, மிளகு போட்டுப் பிசைந்து உருட்டி, கொஞ்சம் எண்ணெயில் சிவக்கவிட்டு எடுத்திருந்தாள். பார்பிக்யூ சாஸைக்கூடக் கடையில் வாங்கவில்லையாம். தக்காளியை வதக்கி அரைத்து, நாட்டுச்சர்க்கரை, வினிகர், மிளகாய்த்தூள் சேர்த்து, புகைவாசத்துக்கு நெருப்பில் சுட்ட வரமிளகாயும் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தாள். அதில் உருண்டைகளைப் போட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்தால் முடிந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அன்புக்கரசிக்கு மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸ் கறி வாங்குவது எப்போதும் அப்பாவின் வேலை. அதில் யாரையும் நம்ப மாட்டார். விடிவதற்கு முன்பே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வாங்கி வந்த கோழிக்குக் கால் இல்லாமல் இருக்குமா? காலையில் மெர்சியின் தம்பி வேறு சத்தியமங்கலத்திலிருந்து வந்துவிட்டுப் போனானாம். ரெண்டு காலும் சத்தியமங்கலம் பக்கம் நடந்துவிட்டன என்று அன்புக்கரசி முடிவே கட்டிவிட்டாள்.

அந்த நேரம் வாசலில் பைக் வந்து நின்றது. தங்கை எழிலும் அவள் புருஷன் பாலகோபாலும்.

அன்புக்கரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழில் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். ஒருவழியாகச் சமாதானமாகி, போன கிறிஸ்துமஸுக்குத்தான் புருஷனோடு முதல் தடவையாக வந்தாள். பந்தியில் பாலகோபாலின் தட்டில் விழுந்தது கழுத்துத் துண்டு. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள், ஒரு வருஷமாக ஃபோன்கூடப் பண்ணவில்லை. இந்தத் தடவை மெர்சிதான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருக்கிறாள். வந்தவள் முகத்தில் சிரிப்பில்லை. இன்றைக்கும் ஏதாவது ஒன்று நடந்தால் இனி இந்தப் படி ஏற மாட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். எழில் தன் தட்டைப் பார்க்கவே இல்லை. புருஷன் தட்டைப் பார்த்தாள். அக்கா புருஷன் தட்டைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தாள். மூன்றிலும் அதே உருண்டைகள்.

மாசாணம்தான் ஆரம்பித்தார். "ஏனம்மணி, லெக் பீஸ் எங்க?"

"எல்லாம் உருண்டையில சேந்துருச்சுங்க மாமா."

"ஃபோனப் பாத்துச் சமைச்சா இப்படித்தான். இந்த ஊட்டுல ஒரு வழக்கம் இருக்குதுல்ல?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். பரிமாறிக்கொண்டிருந்த அவள் புருஷன் தமிழ்ச்செல்வன் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டான். நன்றாக வேண்டும் என்று அன்புக்கரசிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

பாலகோபால்தான் மெதுவாகச் சொன்னான். "நல்லாத்தானுங்க மாமா இருக்குது. நீங்க ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க."

கல்யாணமானதிலிருந்து அவன் மாமனாரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மாசாணம் முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைச் சாப்பிட்டார். அப்புறம் தட்டை நீட்டினார், இன்னும் ரெண்டு வை என்பதுபோல. எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் பேச்சும் வந்தது. சாயங்காலம் கிளம்பும்போது, பொங்கலுக்கும் வருவதாக அவளாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

பாத்திரம் கழுவும்போதுதான் அன்புக்கரசி எலும்பு சூப் வைத்த சட்டியின் அடியில் பார்த்தாள். கெட்டியான ரெண்டு கால் எலும்பு. கால்கள் சத்தியமங்கலம் போகவில்லை. உருண்டையோடு உருண்டையாக எல்லார் தட்டுக்கும்தான் போயிருக்கின்றன.

அவள் முகம் சுண்டிப்போனது.

"கோழிக்குக் கால் ரெண்டுதான். உக்காந்த ஆம்பளைங்க மூணு பேரு. அதுக்குத்தான் கொத்திப்போட்டியா கண்ணு?"

மெர்சி அடுப்பைத் துடைத்தாள்.

"நான் உன்னையத் தப்பா நெனச்சுப்போட்டேன். அப்பாவும் வெவரம் தெரியாம அத்தன பேரு முன்னால சத்தம் போட்டு வஞ்சுட்டாரு. இரு, நான் போயி எடுத்துச் சொல்லிட்டு வாரேன்."

மெர்சி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க அண்ணி. கறிக்கடையில நின்னு லெக் பீஸையும் சேத்துக் கொத்தி வாங்கியாந்ததே மாமாதானுங்க. 'பந்தியில நான் உன்னைய வைவேன், நீ தலையக் குனிஞ்சுக்கோ அம்மணி'ன்னு சொல்லித்தான் கறிப்பையவே எங்கிட்டக் குடுத்தாருங்க."