ரன் குறைத்த குற்றம்

தேசமே எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு: நட்சத்திர மட்டையாளர் துருவேஷின் திருவுள்ளம் சற்றே வாடியிருக்கிறது. குடித்துவிட்டு அவர் ஓட்டிய கார் ஏறி, மாசிலாமணி என்பவரின் கால் போய்விட்டதாம்.

ஆஸ்பத்திரி வாசலில் மாசிலாமணியின் மனைவி செங்கமலம் டிவிக்காரர்களிடம் பேசப் பேச, துருவேஷ் நாளைய இறுதி ஆட்டத்தில் எடுக்கப்போகும் ரன்னைக் காட்டும் மீட்டர் திரையோரத்தில் சரிந்தது.

"அக்கா, போதும். சதம் அடிக்கவேண்டியவரு நாப்பதுக்கு வந்துட்டாரு," என்றார் நிருபர்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கால் போச்சுய்யா."

"அதையே கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்களேன்."

செங்கமலம் மைக்கைப் பிடுங்கினாள். "குடிச்சிருந்தான். நான் பக்கத்துலதான் நின்னேன். எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்."

மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டது. தேசத்தின் ரன்களைக் குறைத்த குற்றத்துக்காக அவளை அங்கேயே கைது செய்தார்கள்.

மறுநாள் மழை பெய்ததால் ஆட்டம் நடக்கவில்லை.