பள்ளிக்கூடத்துக்குப் புது கேட்

"எதிர்க்கடையையே எவ்வளவு நேரம் வெறிச்சுக்கிட்டு நிப்பீங்க? அடுப்பை அணைக்கவா?" என்றாள் மனைவி.

அவர் வாசலை விட்டு நகரவில்லை. எதிரே சகலையின் ஹோட்டலில் உட்கார இடமில்லை. இவர் ஹோட்டல் காற்று வாங்கியது.

எல்லாம் அந்த மது லைசென்ஸ் வந்த பிறகுதான். தெருவுக்கு ஒன்றுதான் என்று நகராட்சி கறாராகச் சொல்லிவிட்டது. இருவரும் மனுப் போட்டார்கள். குலுக்கலில் சகலைக்கு விழுந்தது. அன்றிலிருந்து அங்கே கண்ணாடி டம்ளர் சத்தம் கேட்டாலே இவருக்கு வயிறு எரியும்.

"உன் தங்கச்சி புருஷனுக்கு உடம்பெல்லாம் மச்சம்டி."

"குலுக்கல்ல விழுந்ததுக்கு அவர் என்ன பண்ணுவார்?"

"எனக்கு இல்லேன்னா போகுது. அவனுக்கு மட்டும் எதுக்கு?"

லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பள்ளிக்கூட கேட்டிலிருந்து நூற்றைம்பது அடிக்குள் மது விற்கக் கூடாது என்பது சட்டம். இந்தத் தெருவில் இருந்ததோ பள்ளிக்கூடத்தின் பின்சுவர் மட்டும்தான். கேட் மறுபுறம், மெயின் ரோட்டில்.

அவர் நேரே தலைமை ஆசிரியையிடம் போனார்.

"பிள்ளைங்க லாரிக்கு நடுவுல ரோட்டைத் தாண்டுறதைப் பாத்தா பகீர்ங்குது டீச்சர். எங்க தெருப் பக்கம் சுவரை இடிச்சு ஒரு கேட் வச்சிடலாம். செலவு என்னோடது."

ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருக்குங்க இந்த மனசு வரும்?"

கேட் வந்தது. பிள்ளைகள் அந்த வழியாக வரத் தொடங்கினார்கள். லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசியும் போனது.

இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்தார். ஒரு முனையைச் சகலையே பிடித்துக்கொண்டார்.

"கடுதாசியில எழுதியிருந்தது சரிதான். நூத்திப்பத்து அடிதான் வருது. இனி இங்க விக்க முடியாது."

சகலையின் முகம் தொங்கிப்போனது.

"அடடா, இப்படி ஆயிடுச்சே சகலை" என்று இவர் நாக்கு மட்டும் வருத்தப்பட்டது. உள்ளே ஜில்லென்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் அப்படியே திரும்பி இவர் கடைக்கும் அளந்தார். "உங்களது இன்னும் கிட்ட. உங்களுக்கும் கிடையாது."

"எனக்குத்தான் லைசென்ஸே இல்லையே சார்" என்று சிரித்தார்.

"வர இருந்துச்சே. புதுப்பிக்கிறப்ப உங்க பேருக்கு மாத்திடச் சொல்லிப் போன மாசமே சகலை எழுதிக் கொடுத்துட்டாரு. முன்கூட்டியே சொன்னா நீங்க வேண்டாம்பீங்கன்னு மூச்சு விடலையாம்."

இவர் சகலை பக்கம் திரும்பினார். "ஏன் சகலை?"

"எனக்குச் சாப்பாட்டுக் கூட்டமே போதும். நீங்க ஈ ஓட்டுறதை எதிர்ல உக்காந்து எத்தனை நாள் பாக்குறது?"

சகலை டேப்பைச் சுற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு, இவர் தோளில் கை போட்டார்.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதிப் போட்டிருக்கான். அதுக்காக, ஏன்டா கேட் வச்சோம்னு நீங்க மனசு ஒடிஞ்சுடாதீங்க. நீங்க பிள்ளைங்களை நினைச்சுல்ல வச்சீங்க."